தேசத்தின் குற்றக் கணக்கும் அதனை எழுதிய கைகளும்

சென்ற மாதம் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டம் முடிவுற்றுத் தாம்பூலம் வழங்கப்பட்ட பின்னர், அங்கத்தினர் சிலர் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். முதியவர் ஒருவர், தம் இளமைக் காலத்தில் வாயிற்கதவைத் தாழிடாமலே உறங்கிய வழக்கத்தை எடுத்துச் சொல்லி, இக்காலத்திலோ களவும் கொலையும் எல்லையின்றிப் பெருகிவிட்டனவே என்று வருந்தினார். கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர் உடனே சர்க்கார் வெளியிட்ட புள்ளிவிவரத்தைத் தம் கைப்பேசியில் எடுத்து, 1953-ம் வருஷத்தில் தேச முழுவதிலும் தண்டனைச் சட்டத்தின் கீழ்ப் பதிவான குற்றங்கள் 6,01,964 என்றும், 2012-ம் வருஷத்தில் அவை 23,87,188 ஆயின என்றும் படித்துக் காட்டி, "தாத்தா சொல்வது மெய்யே, நான்கு மடங்கு ஆகியிருக்கிறது" என்றார். மற்றோர் அன்பர், "ஜனத்தொகையும் அதே காலத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஆயிற்றே, அதைக் கழித்துப் பார்த்தீரோ?" என்று மறுத்தார். கழித்துப் பார்க்கின், லட்சம் பேருக்கு ஏறத்தாழ 160 என்றிருந்த குற்றம் அறுபது வருஷங்களில் 197 ஆயிற்று என்பதே கிடைக்கும். இவ்விவாதம் தீராமலே அனைவரும் வீடு திரும்பினோம். தீராமைக்குக் காரணம் யாதெனின், அவ்விருவரும் அந்த எண் எங்ஙனம் பிறக்கிறது என்பதைக் கேளாமலே அதனை எடுத்து ஆண்டமையே. அதனை விசாரிக்கும் பொருட்டே இக்கட்டுரை எழுதலாயிற்று.

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-ல் இயற்றப்பட்டு 1862-ம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. குற்ற விசாரணை முறைச் சட்டமும் போலீஸ் சட்டமும் 1861-ல் பிறந்தன. இம்மூன்றும் கூடியே இன்றைய குற்றக் கணக்குக்கு அடிப்படை இட்டன. ஒருவன் பொருளை இழந்தோ அடியுண்டோ போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து முறையிடுகிறான்; ஸ்டேஷன் அதிகாரி அதனை முதல் தகவல் அறிக்கையாக எழுதுகிறார்; எழுதியவை ஜில்லாவுக்கும், ஜில்லாவிலிருந்து மாகாணத்துக்கும், அங்கிருந்து டில்லிக்கும் சென்று கூட்டப்படுகின்றன. வாரண்டு இல்லாமலே போலீசார் கைது செய்யத்தக்க குற்றங்களே இங்ஙனம் தொகுக்கப்படுவன. ஓர் அறிக்கையிற் பல குற்றங்கள் கண்டிருப்பினும், அவற்றுட் கொடியது ஒன்றையே எண்ணிக்கையிற் சேர்ப்பர். பலாத்காரம் செய்து கொன்றான் ஒருவன் எனின், கணக்கில் அது கொலை மாத்திரமே. சுதந்திரம் அடைந்த பின் 1953-ம் வருஷம் முதல் இத்தொகுப்பு ஆண்டுதோறும் புத்தகமாக வெளிவரலாயிற்று. 1986-ல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் என்னும் தனி ஸ்தாபனம் ஏற்பட்டு அப்பணியை ஏற்றது.

இம்முறையில் நான்கு வாயில்கள் உள்ளன. குற்றம் நிகழவேண்டும், அதனைச் சட்டம் குற்றம் எனக் கூறவேண்டும், துன்புற்றவன் சொல்லத் துணியவேண்டும், கேட்டவர் எழுதவேண்டும். புத்தகத்தில் அச்சாவது நான்காம் வாயிலைக் கடந்தது மட்டுமே. எண் ஏறினால் எந்த வாயில் அகன்றது என்று பார்க்க வேண்டுமேயன்றி, முதல் வாயிலையே நினைந்து நடுங்குதல் தகாது.

ஆங்கில ஆட்சியில் இக்கணக்கு எந்நிலையில் இருந்தது என்பதை அதிகம் விரிக்கவேண்டியதில்லை. கிராம முன்சீபும் தலையாரியும் சொல்லியனுப்பியதே ஸ்டேஷனுக்குத் தகவல். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது தானியக் கொள்ளையும் களவும் பதிவேடுகளில் மிகுந்தன. அவை வயிற்றுப் பசியின் கணக்கு என்பதை அக்காலத்து அதிகாரிகளே அறிவர். 1902-ல் நியமிக்கப்பட்ட பிரேசர் துரையின் போலீஸ் கமிஷன், போலீசார் திறமை குறைந்தவரென்றும், லஞ்சத்திலும் கொடுமையிலும் ஊறியவரென்றும் வெளிப்படையாகவே எழுதிற்று. அத்தகையவர் கையால் எழுதப்பட்ட பதிவேட்டை நம்பி அக்காலம் நற்காலமென்றோ தீக்காலமென்றோ தீர்ப்பளிக்க இயலாது.

ஆனால் அக்காலத்து விஷயம் ஒன்றை மாத்திரம் விரித்தே சொல்லவேண்டும். நம் போன்ற சமூக சங்கங்களின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது அது. 1871-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் வட இந்தியப் பகுதிகளில் அமுலாகி, 1911-ம் வருஷத்துத் திருத்தத்தால் சென்னை ராஜதானிக்கும் வந்து சேர்ந்தது. ஒரு சமூகத்தார் பலர் மீது வழக்குகள் பதிவாகியிருக்கின்றன என்ற கணக்கைக் காட்டி, அச்சமூகம் முழுவதையும் பிறவிக் குற்றவாளிகள் எனச் சர்க்கார் விளம்பரப்படுத்தலாம் என்பது அச்சட்டத்தின் சாரம். அங்ஙனம் விளம்பரப்படுத்தப்பட்டோர் கைரேகை கொடுத்துப் பெயர் பதியவேண்டும். குறித்த நேரத்தில் வந்து ஆஜர் சொல்லவேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். ஆஜர் சொல்லத் தவறினும், சீட்டின்றி உறவினர் வீட்டுக்குச் சென்றாலும் அது தண்டனைக்குரிய குற்றம். இங்கே சிறிது நின்று சிந்தியுங்கள். கணக்கைக் காட்டிச் சட்டம் வந்தது. சட்டம் வந்தபின், களவு ஒன்றும் செய்யாதவனும் ஓர் இரவு மாமியார் வீட்டிற் படுத்த காரணத்தால் குற்றவாளி ஆனான். அவன் மேல் எழுதிய வழக்கு மறுபடியும் அச்சமூகத்தின் குற்றக் கணக்கிற் சேர்ந்தது. சேர்ந்த கணக்கு சட்டத்தின் அவசியத்துக்குச் சாட்சியாயிற்று. பாம்பு தன் வாலைத் தானே விழுங்கியது போன்ற இச்சுழலிலிருந்து ஒரு சமூகம் நியாயஸ்தலத்தின் வழியாக வெளிவர மார்க்கமில்லை; ஏனெனில் அவ்விளம்பரத்தின் நியாயத்தைக் கோர்ட்டில் வாதிக்கவே அச்சட்டம் இடங்கொடுக்கவில்லை. மதுரை ஜில்லாவைச் சேர்ந்த பெருங்காமநல்லூரில் 1920-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ம் தேதி கைரேகைப் பதிவை மறுத்து நின்ற ஜனங்கள் மீது போலீசார் சுட்டதில் பதினாறு பேர் மாண்டனர். சென்னை மாகாணம் 1947-ல் அச்சட்டத்தை நீக்கியது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிட்டியின் சிபார்சுக்குப் பின், 1952-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 31-ம் தேதி தேச முழுவதும் அது ஒழிந்தது. புள்ளிவிவரத்தை உலர்ந்த விஷயமென்று தள்ளுவோர் அப்பதினாறு பேரையும் நினைத்துப் பார்ப்பாராக.

நிற்க. சுதந்திர இந்தியாவின் கணக்குக்கு வருவோம். 1953-ம் வருஷத்தையும் 2012-ம் வருஷத்தையும் பத்தி பத்தியாக ஒப்பிட்டால் ஒரு வியப்பு நம்மை நிறுத்துகிறது. களவு 2,20,841-லிருந்து 3,37,889 ஆயிற்று. வழிப்பறி 8,407-லிருந்து 27,343. கலகம் 20,529-லிருந்து 74,633. கன்னக்களவோ 1,47,379-லிருந்து 92,892 ஆகக் குறைந்தது. அதாவது நூற்றுக்கு 37 வீதம் வீழ்ச்சி. ஜனப் பெருக்கத்தையும் சேர்த்து நோக்கின் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியதாகும். இந்தியா முழுவதிலும் ஒரு வருஷத்தில் கன்னமிடப்பட்ட வீடுகள் ஒரு லட்சமும் இல்லை என்பதை நம் தெருக்களில் வாழும் எவரேனும் நம்புவரோ?

நேர்மையாகப் பேசவேண்டுமாயின் இதற்கு இரு பக்கமும் உண்டு. கன்னம் என்ற சொல்லே சுவரில் இட்ட துவாரத்தைக் குறிப்பது. மண்சுவர் வீடுகள் நிறைந்திருந்த காலத்தில் ஒரு கன்னக்கோல் போதும். செங்கல்லும் சிமிட்டியும் கம்பிக் கதவும் வந்தபின் அத்தொழில் கடினமாயிற்று. பானையிலும் பரணிலும் இருந்த பணம் பாங்கிக்குப் போயிற்று. ஆதலால் ஓரளவு வீழ்ச்சி மெய்யாக இருக்கலாம். எனினும் ஒரு ஸ்டேஷன் அதிகாரியின் நிலையையும் எண்ணுக. சென்ற வருஷத்தைவிட இவ்வருஷம் களவு கூடிற்றா, எழுதியவற்றுள் எத்தனை கண்டுபிடித்தாய் என்பனவே மேலதிகாரி அவரைக் கேட்கும் கேள்விகள். துப்புக் கிடையாத களவை எழுதினால் முதற் கேள்வியிலும் தோற்பார், இரண்டாவதிலும் தோற்பார். எழுதாவிட்டால் இரண்டிலும் வெல்வார். 1977-ல் நியமிக்கப்பட்ட தேசியப் போலீஸ் கமிஷன், வழக்குப் பதிய மறுக்கும் இவ்வழக்கத்தைப் பெருங் குறையென எடுத்துக் காட்டியது.

எமது உறவினர் ஒருவர் வீட்டில் சில வருஷங்களுக்கு முன் பின்கட்டுக் கதவை உடைத்து நகைகளை எடுத்துச் சென்றனர். மறுநாள் காலை ஸ்டேஷனுக்குச் சென்றவரை உட்காரவைத்து அன்போடு பேசிய அதிகாரி, "களவு என்று எழுதினால் கோர்ட்டுக்கு அலைவீர்கள், நகை காணாமற் போயிற்று என்று மனுக் கொடுங்கள், விசாரிக்கிறோம்" என்றார். அவரும் அவ்வாறே எழுதிக் கொடுத்து ஒரு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வந்தார். ரசீது பெற்றவுடன் வழக்குப் பதிவாகிவிட்டது என்றே அவர் எண்ணினார். நம்மில் பலரும் அவ்வாறே எண்ணுகிறோம். அந்த ரசீது மனு வந்து சேர்ந்தமைக்கு அடையாளம். முதல் தகவல் அறிக்கை வேறு. டில்லிக்குச் செல்லும் கணக்கில் அவர் வீட்டுக் களவு நிகழவேயில்லை.

இதற்கு நேர்மாறாக, மோட்டார் வண்டிக் களவு பெரும்பாலும் எழுதப்படுகிறது. முதல் தகவல் அறிக்கையும், வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றும் இல்லாவிடில் இன்ஷூரன்ஸ் கம்பெனியார் பணம் தாரார். கேட்பவன் விடாது கேட்டால் கை எழுதும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டா.

மாகாணங்களை ஒப்பிட்டால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். 2012-ம் வருஷத்தில் லட்சம் பேருக்குக் கேரளத்தில் 455.8 குற்றங்களும், உத்தரப் பிரதேசத்தில் 96.4 குற்றங்களும் பதிவாயின. தேசச் சராசரி 196.7. இவ்வெண்களை அப்படியே நம்பினால் மலையாளிகள் உத்தரப் பிரதேசத்தாரைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு குற்றம் புரிவோர் ஆவர். அதே வருஷத்தில் கொலையின் வீதமோ கேரளத்தில் உத்தரப் பிரதேசத்தில் உள்ளதிற் பாதிக்கும் குறைவு. கொலையிற் குறைந்த ஜனங்கள் மற்றெல்லாக் குற்றத்திலும் மிகுந்தவரோ? எழுத்தறிந்தவரும், உரிமை கேட்டு வாதிடுபவரும், ஸ்டேஷன் வாயிலை மிதிக்க அஞ்சாதவரும் மிகுந்த நாட்டில் பதிவேடு பருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

தலைநகரான டில்லியில் இது கண்ணெதிரே நடந்தது. 2012-ல் அங்கே தண்டனைச் சட்டக் குற்றங்கள் 54,287. வந்த முறையீட்டையெல்லாம் தடையின்றி எழுதுக என்ற உத்தரவு பிறந்தபின், 2014-ல் அவை 1,55,654 ஆயின. இரண்டே வருஷத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு! கொலைகளோ அவ்விரு வருஷங்களிலும் ஐந்நூற்றுச் சொச்சமே. நகரம் மூன்று மடங்கு கெட்டுவிடவில்லை, பேனா திறந்தது. அடுத்த வருஷம் வண்டிக் களவை ஸ்டேஷனுக்குச் செல்லாமலே இணையத்தின் வழியாகப் பதிவு செய்யவும் வழி ஏற்பட்டது.

பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளின் கணக்கை வாசிப்போர் இன்னும் அதிக எச்சரிக்கை கொள்ளவேண்டும். பலாத்காரம் என்னும் குற்றம் 1971-ம் வருஷம் முதலே தேசக் கணக்கில் தனியே காட்டப்பட்டது. அவ்வருஷத்து எண் 2,487. கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமை 1983-ல்தான் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவாயிற்று. 1953-ம் வருஷத்துப் புத்தகத்தில் அதற்குப் பத்தியே இல்லை, 2012-ல் அது 1,06,527, 2022-ல் 1,40,019. நம் பாட்டிமார் காலத்தில் மருமகள் அடிபடவில்லை என்று இதனால் ஒருவரும் வாதிடத் துணியார். 2012-ம் வருஷம் டிசம்பரில் டில்லிப் பஸ் ஒன்றில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் சட்டம் திருத்தப்பட்டது. பலாத்காரத்தின் வரையறை விரிந்தது. இத்தகைய முறையீட்டை எழுத மறுக்கும் அதிகாரிக்கே தண்டனை விதிக்கப்பட்டது. டில்லியில் 2012-ல் 706 ஆக இருந்த பலாத்கார வழக்குகள் 2013-ல் 1,636 ஆயின; தேச முழுவதிலும் 24,923 என்பது 33,707 ஆயிற்று. இவ்வெண்களைக் கண்டு, ஓராண்டில் ஆடவர் இரு மடங்கு மிருகமாயினர் என்று சில பத்திரிகைகள் அலறின. முன்பு வாய்மூடித் திரும்பிய பெண்களிற் சிலர் அவ்வாண்டில் எழுதவைத்துத் திரும்பினர் என்பதையன்றோ அவை சொல்லியிருக்க வேண்டும்! வாய்மூடியவர் தொகை இன்னும் பெரிது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், அடியோ பலாத்காரமோ பட்ட பெண்களில் நூற்றுக்குப் பதினான்கு பேரே எவரிடமேனும் உதவி நாடியதாகக் கூறினர். எவரிடமேனும் என்பதில் தாயும் தமக்கையும் அடங்குவர். போலீசாரிடம் சென்றவர் அதனினும் மிகச் சிலர்.

சட்டம் ஒன்றே குற்றத்தைப் பெருக்கியும் காட்டும் என்பதற்கு 2020-ம் வருஷம் சாட்சி. அவ்வாண்டு கொள்ளைநோயின் பொருட்டு மார்ச்சு மாதம் 25-ம் தேதி முதல் ஊரடங்கு விதிக்கப்பட்டது. ஜனங்கள் வீட்டில் இருந்தமையால் களவு குறைந்தது. ஆயினும் எல்லாச் சட்டங்களின் கீழும் பதிவான மொத்தக் குற்றம் முந்திய வருஷத்து 51,56,158-லிருந்து 66,01,285 ஆக உயர்ந்தது. காரணம், சர்க்கார் ஊழியரின் உத்தரவை மீறிய குற்றம் 29,469-லிருந்து 6,12,179 ஆயிற்று. நம் தமிழ்நாட்டில் மொத்தம் நாலரை லட்சமாக இருந்தது பதின்மூன்று லட்சத்தையும் தாண்டியது. காய்கறி வாங்க வண்டியில் வந்து பிடிபட்டவரும் அப்பதின்மூன்று லட்சத்தில் உளர். அவருட் சிலர் நம் சங்க அங்கத்தினர் என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை. 1937-ம் வருஷம் அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தபோதும் அதற்குமுன் இல்லாத குற்றம் ஒன்று பதிவேட்டிற் புகுந்தது. அச்சட்டத்தின் நன்மை தீமை வேறு விஷயம்.

அங்ஙனமாயின் நம்பத்தக்க எண் ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. அது கொலை. பிணத்தை எழுதாமல் விடுதல் எளிதன்று. உறவினர் கேட்பர், ஊர் கேட்கும், வைத்தியர் சான்றளிக்கவேண்டும். ஓர் அறிக்கையிற் கொடியது ஒன்றையே எண்ணும் விதியும் கொலையைப் பிற குற்றங்களுள் மறையவிடாது. 1953-ல் கொலைகள் 9,802; லட்சம் பேருக்கு இரண்டரைக்குச் சற்று மேல். பின்னர் அவை படிப்படியாக ஏறி 1992-ல் 40,105 ஆயின, வீதம் 4.6. அதன்பின் இறங்கலாயின. 2012-ல் 34,434; 2022-ல் 28,522; வீதம் 2.1. அதாவது இத்தேசத்தில் ஒருவன் கொலையுண்ணும் அபாயம் 1992-ல் இருந்ததிற் பாதிக்கும் குறைந்து, 1953-ல் இருந்ததற்கும் கீழே வந்திருக்கிறது. இச்செய்தியை எந்தப் பத்திரிகையின் முதற்பக்கத்திலும் யாம் கண்டிலோம்.

இவ்விறக்கத்தை முழுவதும் நற்குணத்தின் வளர்ச்சியாகக் கொள்ளுதலும் பிழை. வெட்டுண்டவன் முன்பு மாட்டுவண்டியிற் கிடந்து வழியிலேயே மாண்டான். இன்று ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரி சேர்ந்து பிழைக்கிறான். பிழைத்தால் கொலை கொலைமுயற்சி ஆகிவிடும். முன்பு கொலையைவிடக் குறைந்திருந்த கொலைமுயற்சி வழக்குகள் 2012-ல் அதற்குச் சமமாகி, அதன்பின் வெகுவாக மிகுந்துவிட்டன. ஆதலின் இறக்கத்தில் ஒரு பங்கு வைத்தியருக்கு உரியது.

இவ்வளவும் அறிந்தபின் நம் திண்ணை விவாதத்துக்குத் திரும்பினால், முதியவர் தாழிடாமல் உறங்கியதும் மெய். அக்காலத்து வீட்டில் எடுத்துச்செல்லப் பொருள் இல்லாமையும் மெய். இளைஞர் காட்டிய எண்களும் மெய்யே. ஆயின் அவை குற்றவாளிகளைப் பற்றிக் கூறுவதைவிட, எழுதியோரையும் எழுதவைத்தோரையும் பற்றி அதிகம் கூறுகின்றன. இனிவரும் கணக்குகளை வாசிப்போர் வேறொன்றையும் நினைவிற் கொள்க. 2024-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி பழைய தண்டனைச் சட்டம் போய்ப் பாரதிய நியாய சங்கிதை வந்துவிட்டது. முன்பு களவென்றோ வழிப்பறியென்றோ எழுதப்பட்ட சங்கிலிப் பறிப்பு இப்போது தனிக் குற்றம். எந்த ஸ்டேஷனிலும் முறையிடலாம், இணையத்தின் வழியாகவும் தகவல் தரலாம் என்னும் விதிகளும் அதனோடு வந்த நடைமுறைச் சட்டத்திற் சேர்ந்துள்ளன. ஆகவே 2023-ம் வருஷத்துப் பத்தியையும் 2025-ம் வருஷத்துப் பத்தியையும் அருகருகே வைத்து ஒப்பிடுவோர் மீண்டும் ஒரு முறை ஏமாறக்கூடும்.

எம் உறவினரின் நகை விஷயத்தை முடிக்கவில்லை. 2013-ம் வருஷம் நவம்பர் மாதம் 12-ம் தேதி, உத்தரப் பிரதேசத்திற் கடத்தப்பட்ட ஒரு சிறுமியின் பொருட்டு அவள் தந்தை தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், வாரண்டின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை எழுதியே தீரவேண்டுமென்று தீர்ப்பளித்தனர். ஸ்டேஷனில் எழுத மறுத்தால் ஜில்லா சூப்பிரண்டெண்டுக்குத் தபாலில் முறையிடலாம் என்பது அதற்கு முன்னரே சட்டத்தில் உள்ளது. நம் சங்கத்தைச் சேர்ந்த வக்கீல் ஒருவர் இவ்விரண்டையும் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்துக்குப் பின் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து உறவினரை அழைத்துச் சென்று, கதவுடைத்துக் களவு என்றே எழுதி, அறிக்கையின் பிரதியும் கொடுத்தனர். நகை இன்றுவரை கிடைக்கவில்லை. அவ்வருஷத்துக் கன்னக்களவுக் கணக்கில் மாத்திரம் ஒன்று கூடியது.